என் கையில் அதன் யானை

மே 3, சனி

எழுந்ததும் முதலில் மடிக்கணினியைத் திறந்தேன். காப்பிகூடப் பிறகுதான். இரு பக்கமும் ஒரு மணி நேரம் வைத்துச் சதுரங்கம் ஆடினால் கணினியின் எட்டாம் நிலையை என்னால் தாக்குப்பிடிக்க முடிகிறது. இன்றும் சமநிலை. பிறகு ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்தேன். கணினி அதேதான். அவசரத்தில் நான்தான் வேறு ஆளாகிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஊர் பாயான் பாரு மண்டபத்தில் கணினியோடு காட்சி ஆட்டம். சதுரங்க கிளப் சார்பில் நான். தலைவர் தயாளன் வாக்குக் கொடுத்திருக்கிறார்: "டிரா எடுத்துருங்க லீனாக்கா, லீக்ல ஃபர்ஸ்ட் போர்டு ஒங்களுக்குத்தான்." இத்தனை வருஷம் அணியின் கடைசிப் பலகையில் உட்கார்ந்தவளுக்கு!

மே 7, புதன்

"ஒரு மணி நேரம்தானே?" என்று தயாளனிடம் மறுபடியும் கேட்டேன். "ஆமாலா, எத்தன வாட்டிக்கா கேப்பீங்க?"

மே 11, ஞாயிறு

மண்டபத்தை மதியம் ஏதோ விருந்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். நான் உட்கார்ந்த பிறகு தயாளன் குனிந்து சொல்கிறார்: "அஞ்சு நிமிஷம் போதும்கா. கம்ப்யூட்டருக்கும் அதே அஞ்சுதான். ஃபேர்தானே?"

நியாயமாம்.

கணினியின் காயை நகர்த்த வேண்டிய ஆளும் வரவில்லை. திரையில் அதன் நகர்வைப் பார்த்து, பலகையில் அதை நானே நகர்த்தி, பிறகு என் காயை நகர்த்தி, அதைத் திரையில் தட்டி— எல்லாம் என் நேரத்தில். கடைசியில் இரண்டு ராஜா, இரண்டு யானை. வேறொன்றும் இல்லை. பச்சைக் குழந்தைகூடச் சமநிலை என்று சொல்லும். கணினியின் யானையைக் கையில் பிடித்திருந்தபோது என் நேரம் முடிந்தது. தோல்வி.

தயாளனின் மச்சான் கோகுலன் கத்தினான்: "அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனா, சோறு வேகறதுக்குள்ள விருந்தாளி கெழவனாயிருவான்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? சீ.

மே 13, செவ்வாய்

முதல் பலகை கோகுலனுக்கு என்றார் தயாளன். "தோத்தது தோத்ததுதானேக்கா."

மே 16, வெள்ளி

தயாளன் ஃபோன் செய்தார். அடுத்த மாதம் கோகுலனுக்கும் காட்சி ஆட்டம். அதே கணினி, அதே நிலை. இந்த முறை ஒரு மணி நேரம்.

"போன தடவ ரொம்ப அவசரமாயிருச்சு, ஜனங்களுக்கு ஒண்ணும் புரியலலா. கம்ப்யூட்டர் காய நகத்த ஒரு ஆள் வேணும். ஒங்களுக்குத்தான்கா அது பழக்கம்."

பழக்கமா? எனக்கு வராத ஆள், அவனுக்கு மட்டும் நானா? ஆனால் வாயில் வந்தது என்ன? "சரி தம்பி."

மே 18, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேர ஆட்டம் ஆடினேன். அவசரப்படவில்லை. சமநிலை. யார் பார்த்தார்கள்?

தயாளன் செய்தி அனுப்பியிருக்கிறார்: "கோகுலன் ஆட்டத்தன்னிக்கிச் சீக்கிரமா வந்துருங்கக்கா." கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டேன்.

போகமாட்டேன். முன்கூட்டிச் சொல்லவும் மாட்டேன். கடிகாரம் ஓடட்டும், தன் காயையும் கணினியின் காயையும் கோகுலனே நகர்த்தட்டும்.