கெட்டிமேளத்துக்கு ஒரு விசை

ஆகஸ்ட் 13, வியாழன்

காலையிலேயே நல்ல வெயில். போர்வை இரண்டும் காய்ந்துவிட்டன. புக்கிட் ரம்பாயில் ஃபேக்டரி பஸ் தாமதம், வீடு வந்து சேர மூன்றாகிவிட்டது.

செருப்பைக் கழற்றுவதற்குள் மேளக்காரர் போன். அடுத்த வார ஞாயிறு என் கல்யாணத்துக்கு வாசிக்க வர முடியாதாம். "கோவிச்சுக்காதீங்க அக்கா. ஒங்க அண்ணன்தான் வேணாம்னு சொல்லிட்டாரு. செலண்டார் கோயில் கமிட்டில இருக்காரு. நாங்க அங்கதான் வாசிக்கிறோம்."

அவர் மேல் கோபமில்லை, பிழைப்பு. ஆனால் ஆவணி மாதத்தில் வேறு குழு கிடைக்காது. அது தெரிந்தேதான் செய்திருக்கிறார் அ. (இனி அண்ணனுக்கு இந்த ஓர் எழுத்துப் போதும்.)

போன் செய்து கேட்டேன். நிதானமாகச் சொன்னார். "ரெஜிஸ்தர் பண்ணியாச்சுல்ல? தாலியக் கட்டிட்டு, சத்தமில்லாம சாப்பிட்டுப் போங்கலா. புருசன் செத்தவளுக்கு என்னாத்துக்குமா மேளம்?"

அண்ணி இறந்து ஒரு வருஷம்கூட ஆகாமல் இவர் மறுபடி கட்டினாரே, அப்போது இரண்டு தவில். அந்தக் கெட்டிமேளத்தை நான் சமையற்கட்டில் நின்று கேட்டேன். முன்னால் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நானும் பேசாமல் வெங்காயம் உரித்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வாங்க வேண்டியது: வெற்றிலை, பேட்டரி, நல்லெண்ணெய்.

ஆகஸ்ட் 15, சனி

மழை. கோலா சுங்கை பாருவுக்குப் போனேன், கு. கடைக்கு. கு. என்றால் குணா, நான் கட்டிக்கொள்ளப் போகிறவர். டிவி ரிப்பேர் கடை. கடை முழுக்கக் கருவாட்டு வாசம், பக்கத்துக் கடையின் உபயம்.

விஷயத்தைச் சொன்னேன். அ.விடம் போய்ப் பேசட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். மூலையில் அந்தப் பழைய கணினி. டிவியோடு மாட்டுகிற வகை, விசைப்பலகைக்குள்ளேயே எல்லாம். முதல் முதல் நான் என் டிவியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோன அன்று, பள்ளிக்கூடக் கணினி வகுப்பின் ஞாபகத்தில் அதில் நாலு வரி அடித்து ஒரு பீப் வரவைத்தேன். கு. சிரித்தார். அங்கேதான் ஆரம்பித்தது எங்கள் கதை.

இன்றைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மூன்று குரல் உண்டு, ஒரே நேரத்தில் மூன்று சத்தம் போடும். நாயனம் ஒன்று. சுருதி பிடிக்கிற ஒத்து ஒன்று. இரைச்சல் போடுகிற மூன்றாவது குரலை வெட்டி வெட்டி விட்டால் தவில்.

"என்னா பாக்கிற?" என்றார்.

"மேளக்காரங்க கிடைச்சிட்டாங்க."

வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

லீவு போட்டேன். வயிற்று வலி என்று சொல்லி. புழுக்கம்.

நாயனம் சரியாக வரவில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது, ஐஸ்கிரீம் வண்டி மாதிரி. வழுக்கிப் போக வேண்டும். கணினிக்குச் சுரம் என்றால் ஓர் எண்; நடுவில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். கொஞ்சம் வழுக்குகிறது, கொஞ்சம் நொண்டுகிறது. ராக ஞானமெல்லாம் எனக்கில்லை. காதில் கிடந்ததைத்தான் போடுகிறேன்.

தவில் பிரமாதம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சாயங்காலம் கு. வந்தார். பெருமையாக ஓட்டிக் காட்டினேன். மெதுவான பாட்டு, அது முடிந்ததும் தானாகக் கெட்டிமேளம் (இனி கெ.மே.). கேட்டுவிட்டு, "ஐயரு எப்ப கை தூக்குவாருன்னு இதுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மண்டையில் அடித்துக்கொண்டேன். தாலி கழுத்துக்கு வருகிற நேரத்தில்தானே ஐயர் விரலை ஆட்டுவார், உடனே மாறுவார்கள். மந்திரம் இழுத்தால் பாட்டும் இழுக்க வேண்டும். நான் என்னவோ ஃபேக்டரி சைரன் மாதிரி நேரம் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி எழுதினேன். பாட்டு சுற்றிச் சுற்றி வரும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கெ.மே.

எழுதியதைக் கேசட்டில் பதிந்தேன், இந்தக் கணினிக்கு அதுதான் சேமிப்பு. முதல் கேசட் பூஞ்சை. இரண்டாவதில் ஒழுங்காகப் பதிந்தது.

ஆகஸ்ட் 21, வெள்ளி

தேவி வந்துவிட்டாள், ஜோகூரிலிருந்து. அம்மா கல்யாணத்துக்கு மகள் லீவு எடுத்த கதையை ஆபீசில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். வெட்கமே இல்லை. என் பிள்ளைதான்.

"போன்ல கெட்டிமேளம் ஆயிரம் இருக்கும்மா. ஸ்பீக்கர்ல போட்டா முடிஞ்சிச்சு."

அதெல்லாம் யார் யார் கல்யாணத்திலோ வாசித்தது. எனக்கென்று ஒன்று வேண்டும். அவ்வளவுதான்.

அ. வரமாட்டாராம், ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு செய்தி: தாலி கட்டும்போது தும்மல், அழுகை, அபசகுனம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தான் கெ.மே., அபசகுனமே மணவறையில் உட்கார்ந்தால் மேளம் என்ன செய்யும் என்று கேட்டாராம். படித்தவர், கமிட்டிக்காரர். அழுதேன். கொஞ்ச நேரம்தான். பிறகு தவிலின் சத்தத்தைக் கடைசி அளவுக்கு ஏற்றினேன்.

கு. ஓட்டிப் பார்த்து, இது எப்போது நிற்கும் என்றார். நிறுத்துவதற்கு வரி எழுத மறந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

எடுத்துப்போக: கணினி, பழைய டிவி, இரண்டாவது கேசட், அதை ஓட்டும் பெட்டி, வயர், மல்லிகைப்பூ, பிளக்கில் ஒட்டக் காகிதம். கரண்டுச் சோற்றுப் பானைக்காக யாராவது பிடுங்கிவிட்டால் மொத்தமும் போச்சு. தமிழில் "பிடுங்காதீர்கள்", மலாயில் "ஜாங்ஙான் சாபுட்".

ஆகஸ்ட் 23, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

தாமான் பாலாய் ராயா, எங்கள் குடியிருப்பின் பொது மண்டபம். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். பாதிப் பேர் வேடிக்கைக்கு. மணவறையில் என் வலது பக்கம் கணினி. ஐயர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மந்திரத்தை ஆரம்பித்தார்.

பாட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

விசையைத் தட்டத் தேவி நிற்பதாக ஏற்பாடு. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள், மூக்கைச் சிந்துகிறாள், கை எங்கே வரும். கு. தாலியை எடுத்துவிட்டார்.

"தலைய குனிம்மா" என்றார் ஐயர்.

குனிந்தால் ஸ்பேஸ் பார் தெரியாது. நான் குனியவில்லை. கு. எட்டிக் கட்ட ஆரம்பித்தார். ஐயர் விரல் ஆடியது. என் கையாலேயே தட்டினேன்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர. தேவியின் அழுகை எனக்கே கேட்கவில்லை. அட்சதை விசைகளுக்கு நடுவிலெல்லாம் விழுந்திருக்கிறது. நாளைக்குக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

நிறுத்தட்டுமா என்று கு. கேட்டார். வேண்டாம் என்றேன். பந்தி நடக்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

இலை போட்டு உட்காரப் போகும் நேரம், போன். அ.

"முடிஞ்சிச்சா?" என்றார். பிறகு, "அங்க என்னா சத்தம்?"

"என் கெட்டிமேளம், அண்ணே."

போனை டிவி ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். எவ்வளவு நேரம் கேட்டார் என்று தெரியாது. நான் சாப்பிடப் போய்விட்டேன்.