வலி உன் குணத்தைக் கொண்டுபோன மாதங்கள்

யட்டியாந்தோட்டை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டார். உன் முதுகில் நான் தேய்த்துவிட்ட அதே தைலத்தின் வாசனை வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. இடையிலேயே இறங்கி நடந்தேன். வழி நெடுக உன்னிடம்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

ஒரே மலையில் நாம் இருவரும் இறப்பர் பால் வெட்டினோம். சரிவில் விழுந்து முதுகு அடிபட்ட பிறகு நீ வேறொருத்தியாகிப் போனாய். தோட்டத்தில் நமக்கு வேறு மலையை ஒதுக்கிய பிறகும் பழைய மரங்களிடமே போய் நின்றாய். சொன்னால் சீறினாய், சீறிய கையோடு அழுதாய். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் மகளின் தட்டைப் பிடுங்கி வாசலில் எறிந்தாய்.

"இவளுக்குப் புத்தி பிசகிருச்சு. புள்ளைய எங்கம்மாகிட்ட கொண்டுபோய் விடப்போறேன்" என்றார் உன் வீட்டுக்காரர்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நா வேணும்னேவா செய்யிறேன்? தலைக்குள்ள எதுவும் நிக்க மாட்டேங்குது புள்ள."

இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். டாக்டர் சிங்களத்தில் விளக்கினார். நம் லயத்து வீடுகளில் உன்னளவுக்குச் சிங்களம் பேச ஆளில்லை. அன்று உனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான்தான் தமிழில் சொன்னேன்.

"மூளை எந்நேரமும் வலியோடயே மல்லுக்கட்டுதாம். கோவத்த அடக்க, புதுசுக்குப் பழக, அதுக்குத் தெம்பு மிஞ்சலயாம். வலி கொறஞ்சா மெல்ல மெல்லத் திரும்புமாம்."

"அப்ப நா கெட்டவ இல்லியா?" என்று கேட்டாய். உன் வீட்டுக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகளை அனுப்பும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

மருந்தும் பயிற்சியுமாக மாதங்கள் போயின. "இப்ப பேசாதீங்க, வலி ஏறுது" என்று முன்கூட்டியே சொல்லப் பழகினாய். வீட்டில் சண்டை அடங்கியது. ஒரு காலையில் யாரையும் கேட்காமல் புதிய மலைக்கு நேராக நடந்தாய். பின்னால் ஓடிவந்த எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. அவ்வளவு பாடுபட்டுத் திரும்பி வந்தவளை இப்படியா வாரிக்கொண்டு போவது? என் மனம் இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

நேற்றுப் பால் நிறுக்கும் இடத்தில், புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒன்றுமில்லாததற்கு என்மேல் பாய்ந்தாள். கங்காணி அதட்ட வந்தார். "இருங்க" என்று அவரை நிறுத்திவிட்டு அவளிடம் போனேன்.

"எங்க வலிக்குது புள்ள?"

முறைத்தாள். பிறகு மெதுவாகத் தன் தோளைத் தொட்டுக் காட்டினாள்.