கிழங்குத் தோலை அளந்தவருக்கு

நேற்றுத் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. பிரித்ததும் அச்சு மையும் பசையும் கலந்த மணம் அறையெல்லாம் பரவியது. வீடு வீடாகக் கேட்டு எழுதும் சர்க்கார் விசாரணைகளுக்குப் போகிறவர்களைப் பழக்குவதற்கென்று எழுதிய கையேடு. எழுதியவர் நம்முடைய பழைய சூப்ரண்டு. இப்போது பென்ஷனில் இருக்கிறார். முகப்பில் பெயருக்குப் பின்னால் அரை வரிக்குப் பட்டங்கள் நிற்கின்றன. வருகிற திங்கட்கிழமை தொடங்கும் பயிற்சி வகுப்பில் இதை நான் பாடமாக நடத்த வேண்டும் என்று கூடவே ஒரு கடிதமும் வந்திருக்கிறது.

ஓய், கடைசி அத்தியாயத்தின் தலைப்பை உமக்குச் சொல்லியே ஆக வேண்டும். 'சமூக விசாரணையில் அண்மையில் எழுந்துள்ள பிரச்சினைகள்.' அதில் முதல் பிரச்சினை, பதில் சொல்கிறவரின் பெயரை அவர் சம்மதமில்லாமல் வெளியிடலாமா என்பது. கூடாதாம். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஆசிரியர் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார். இரண்டாவது பிரச்சினை, அதிகாரமுள்ளவர் பக்கத்தில் நிற்கும்போது ஏழைகள் உண்மை சொல்வார்களா என்பது. சொல்ல மாட்டார்களாம். மேல்நாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அடிக்குறிப்பு சொல்கிறது. மேல்நாடு என்றால் இரணியலுக்கு மேற்கே எவ்வளவு தூரம் என்று அதில் போடவில்லை.

பிரச்சினை அண்மையில் எழுந்ததாம். அது எழுந்து ஏழெட்டு வருஷமாகிறது. எழுப்பியவர் நீர். அதற்காக உம்மை வீட்டுக்கு அனுப்பியவர் இந்த நூலாசிரியர். நூலை இரண்டு முறை படித்துவிட்டேன். உம் பெயர் எங்கும் இல்லை. நன்றியுரையில் அச்சகத்தாரின் பெயர் இருக்கிறது.

நாம் இரண்டு பேரும் முதலில் சந்தித்ததும் ஒரு பயிற்சி வகுப்பில்தான். மூன்று நாள் நடந்தது. முதல் நாள் பென்சிலைச் சீவுவது எப்படி, தாளை மடக்காமல் வைப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள், பதில் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று. மூன்றாம் நாள் படம் எடுத்தார்கள். மனிதரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு நான்காம் நாள் இல்லாமல் போயிற்று. நான் பி.ஏ. படித்தவன், சுசீந்திரத்துக்காரன், முன் பெஞ்சில் இருந்தேன். நீர் அதற்கு முன் அம்மை குத்துகிற உத்தியோகம் பார்த்தவர்; கடைசி பெஞ்சில் இருந்தீர். "சந்தேகம் உண்டா?" என்று சூப்ரண்டு கேட்டார். நீர் ஒருவர்தான் எழுந்தீர்.

"சார், அம்மை குத்தப் போவும்போ எல்லா வீட்டுலயும் ஒரே பதிலாக்கும். 'பிள்ளை இங்க இல்ல, மாமன் வீட்டுக்குப் போயாச்சு.' பிள்ளை கட்டிலுக்கு அடியில இருக்கும். இந்தத் தாளுல அப்பிடி வந்தா எந்தக் கட்டத்துல போட?"

வகுப்பு சிரித்தது. நானும்தான். அவர்கள் சொல்கிற பதிலை அப்படியே தாளில் போடும்படி சூப்ரண்டு சொன்னார். நீர் "சரி சார்" என்று உட்கார்ந்தீர். அந்த "சரி"யின் ராகம் மேற்குத் தாலுகாக்காரர்களுக்கே உரியது. அதில் சம்மதம் இருக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

மழை இரண்டு தடவை பொய்த்த வருஷம் அது. இரணியலுக்கும் குளச்சலுக்கும் நடுவில் அந்தத் தென்னை விளையில் குடியிருந்தவர்களுக்காகச் சர்க்கார் ஒரு கஞ்சித்தொட்டி வைத்திருந்தது. மத்தியானம் ஒரு வேளை ஆளுக்கு ஒரு சிரட்டைக் கஞ்சி. அதைத் தொடர்ந்து நடத்துவதா, மூடுவதா என்று தீர்மானிக்கத்தான் நம் இருவரையும் அனுப்பினார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?

அந்தத் தோப்புக்குச் சொந்தக்காரரான விளைக்காரர் தயவான மனிதர். எனக்கு இளநீர் வெட்டித் தந்தார், நாற்காலி போட்டார், தம் குடிகள் எல்லோரையும் தம் வீட்டு முற்றத்துக்கே வரவழைத்துத் தந்தார். அவர் நிவாரணக் கமிட்டியிலும் ஒரு அங்கத்தினர். "கேட்டேரா சாறே, நம்ம விளையில பட்டினின்னு ஒரு வார்த்தை கிடையாது" என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே அமர்ந்தார். நான் ஒவ்வொருவராகக் கேட்டேன்.

"மூணு நேரமும் சோறாக்கும் சாறே."

"சோறுதான். பின்ன என்ன?"

ஒரு கிழவர் கொஞ்சம் தாராளமாகவே சொன்னார். "சோறும் மீனும். நேத்து பாயாசமும் வச்சோம்."

கூட்டத்தில் யாரோ, "ஏலே பாட்டா, பப்படம் பொரிக்கலையா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். விளைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, பாயாசத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான்கு பக்கமும் வயல் உள்ள ஊரில் பிறந்தவன் நான். உலகத்தில் ஒருவர் சோறு தின்கிறேன் என்று சொன்னால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எல்லோர் பெயரையும் எழுதி, பெயருக்கு நேரே 'சோறு, மூன்று வேளை' என்று எழுதி, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். தாள்கள் மிகவும் சுத்தமாக இருந்தன.

நீர் முற்றத்துக்கே வரவில்லை. குடிசைகளுக்குப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டிருந்தீர். தேடிக்கொண்டு வந்தேன். ஒரு குடிசையின் பின்னால் குந்தியிருந்து, குப்பையில் கிடந்த மரவள்ளிக் கிழங்குத் தோலைக் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தீர்.

"என்ன ஓய் இது?"

"சோறு திங்கவனுக்க வீட்டுல கிழங்குத் தோலு எதுக்கு ஓய் இம்பிடு கிடக்கு? சரி, கிழங்காவது திங்கானேன்னு பாத்தா, தொட்டுப் பாரும். காஞ்சு முறுகிப் போச்சு. பச்சைத் தோலு ஒண்ணு இல்ல. நாலு நாளா கிழங்கும் இல்லேன்னு அர்த்தம்."

அந்த வீட்டுக்காரி ஓலை முடைந்துகொண்டிருந்தாள். சற்று முன் முற்றத்தில் என்னிடம் மூன்று வேளை என்று சொன்னவள். நீர் அவள் முகத்தைப் பார்க்காமல், தோலைப் பார்த்தே கேட்டீர்.

"பிள்ளே, இந்தத் தோலை ஆட்டுக்குப் போடப்பிடாதா?"

"ஆடு எங்க இருக்கு அண்ணாச்சி? ஆட்டை வித்துல்லா இந்தக் கிழங்கே வாங்கினது."

"சோறு எப்ப வச்சே?"

"ஓணத்துக்கு."

"அங்க வச்சு மூணு நேரம்னு சொன்னியே?"

"அவருக்க மொகத்தப் பாத்துட்டுப் பின்ன என்ன சொல்லச் சொல்லுதிய? அவரு விளையில பட்டினின்னா அவருக்குல்லா கொறச்சல். நாளைக்கே குடிய எளக்கி வெளிய தள்ளிருவாரு." கையிலிருந்த ஓலையை மடக்கினாள். பிறகு, "இத எழுதப் போறியளா?" என்றாள்.

"எழுதணும். உனக்க பேரு எழுத மாட்டேன்."

பன்னிரண்டு குடிசைக்குப் பின்புறமும் அப்படியே போனீர். உம் நோட்டில் சாண் கணக்கும், காய்ந்ததா பச்சையா என்பதும், வீட்டில் சொன்னதும் இருந்தன. பெயர் ஒன்றுகூட இல்லை.

இரணியலில் சர்க்கார் பங்களாவில் சூப்ரண்டு முகாம் போட்டிருந்தார். விளைக்காரரும் கமிட்டி அங்கத்தினர் என்ற முறையில் வெற்றிலைச் செல்லத்தோடு வந்திருந்தார். என் தாள்களைப் புரட்டிப் பார்த்த சூப்ரண்டின் முகம் மலர்ந்தது. உம் நோட்டைப் புரட்டியபோது சுருங்கியது.

"சாண் என்பது என்ன அளவு மிஸ்டர்? யாருடைய சாண்?"

"எனக்க சாண் சார். வேற ஒருத்தரும் அங்க வந்து தோலை அளக்கல்ல."

"நேம் எங்கே? நேம் இல்லாத எவிடென்ஸ் எவிடென்ஸே இல்லை. இவருடைய தாளில் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது பாரும்."

பொய்க்கு எல்லாம் பெயர் இருந்தது, ஓய். உண்மைக்குத்தான் பெயர் இல்லை.

விளைக்காரர் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, "பேரச் சொன்னா நானும் ஒத்தாசை செய்வேன்லா" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு கனிவு இருந்தது.

"வாக்குக் குடுத்தாச்சு சார். சொல்ல மாட்டேன்" என்றீர்.

"அப்படியானால் இவருடைய தாள்படி தொட்டியை மூட வேண்டியதுதான். நாளைக் காலை வரை டயம் தருகிறேன்."

அப்போது நீர் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தீர். நான் என் பென்சிலின் கூர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

சாயங்காலமே நீர் விளைக்குத் திரும்பிப் போய் அவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிட்டீர். பேர் கேட்கிறார்கள், நான் கொடுக்கவில்லை, தொட்டி அடைபட்டாலும் படும் என்று. மறைக்காமல் சொல்வதும் விசாரணையில் சேர்ந்தது என்று எந்த வகுப்பில் படித்தீரோ.

மறுநாள் காலை அந்தப் பெண் பங்களா வாசலில் நின்றாள். நீர் ஓடிப்போய் மறித்தீர்.

"பிள்ளே, வேண்டாம். குடி போயிரும்."

"குடி போனா வேற விளையில ஒரு ஓலைக் குச்சில் கெட்டலாம் அண்ணாச்சி. வயிறு போனா எங்க போயிக் கெட்ட?" என்று சொல்லிவிட்டு உம்மைத் தாண்டி உள்ளே வந்தாள். சூப்ரண்டுக்கு முன்னால் நின்று தன் பெயரை, தன் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னாள். "எழுதுங்க சாறே. நேத்து முத்தத்துல வச்சு நான் சொன்னது பொய்யாக்கும். எனக்க அடுப்பு தீ கண்டு நாலு நாளாச்சு. வேணும்னா வந்து சாம்பலைத் தொட்டுப் பாருங்க."

சூப்ரண்டு எழுதும்படி உமக்குக் கை காட்டினார். அதிகாரி சொன்ன பிறகும் நீர் பென்சிலைத் தாளில் வைக்கவில்லை. அவளிடம், "எழுதட்டா?" என்று கேட்டீர். அவள் தலையசைத்த பிறகுதான் எழுதினீர்.

"இவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளமாக்கும்" என்று விளைக்காரர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் உம்மிடம் கேட்டேன். "கடைசியில் அவளே பேரைச் சொல்லிவிட்டாளே, நேற்றே நீர் சொல்லியிருந்தால் என்ன?" என்று. புத்திசாலித்தனமான கேள்வி என்றுதான் நினைத்தேன்.

"பேரு அவளுக்குள்ளதுலா ஓய். அவ எடுத்துக் குடுக்கலாம். நாம எடுத்துக் குடுத்தா அதுக்குக் களவுன்னு பேரு."

தொட்டி அடுத்த மழை வரை நடந்தது. அறிக்கையில் அதை 'கவனமான விசாரணையின் பலன்' என்று அச்சிட்டார்கள். அந்த மாதமே அவள் குடிசையைப் பிரிக்கச் சொல்லி ஆள் வந்தது. குளச்சலில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போனாள். அவளுடைய அம்மியைத் தோளில் தூக்கிக்கொண்டு நீர் கூடவே நடந்தீர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த விசாரணைக்கு ஆள் எடுத்த பட்டியலில் உம் பெயர் இல்லை. காரணம், அளவுகளில் ஒழுங்கின்மை. என் பெயர் இருந்தது, ஒரு படி உயர்ந்து. போன கார்த்திகையில் காய்ச்சலில் நீர் போன செய்தி வந்தபோது, வேறொரு தாலுகாவில் ஒரு அறிக்கையைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தின் மேல் எனக்கு வந்த கோபத்தை நேற்று முழுவதும் வளர்த்தேன். சூப்ரண்டுக்கு நான்கு பக்கம் எழுதினேன். நல்ல வாக்கியங்கள், அவற்றில் இரண்டை நீர் ரசித்திருப்பீர். இன்று காலை அதைத் திரும்பப் படித்தேன். அவர் பெயர் கேட்டது குற்றம், விளைக்காரர் சிரித்தது குற்றம் என்று எல்லாக் குற்றமும் அதில் ஒழுங்காக வந்திருந்தது. அந்தப் பங்களாவில் நான்காவதாக ஒருவன் இருந்தான் என்பது மட்டும் வரவில்லை. உம் நோட்டுக்குப் பெயர் வேண்டியிருந்ததே என் தாள்களால்தான். "இவை விளைக்காரர் பக்கத்தில் இருக்கக் கேட்டு எழுதியவை, நம்ப வேண்டாம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தாள்கள் அங்கேயே விழுந்திருக்கும். யாரும் யாருடைய பெயரையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. நீர் என்னைப் பார்த்தது அதற்காகத்தான். அப்போதே அது எனக்குப் புரிந்தது.

அந்த நான்கு பக்கத்தை அனுப்பப் போவதில்லை. அவள் பெயரை இந்த மடலிலும் எழுதவில்லை. அவளை நான் கேட்கவில்லை. உம்மை இனிக் கேட்க வழியில்லாததால் உம் பெயரையும் விட்டுவிட்டேன். வெளியே சொல்ல எனக்கு உரிமையுள்ள பெயர் இந்தக் கதையில் ஒன்றுதான் இருக்கிறது.

திங்கட்கிழமை முன் பெஞ்சில் பி.ஏ. படித்த பையன்கள் சீவிய பென்சிலோடு இருப்பார்கள். அந்தக் கடைசி அத்தியாயத்தைத் திறக்கும் முன் என் பெயரைச் சொல்லி, நான் கையெழுத்திட்ட அந்தப் பன்னிரண்டு தாள்களும் பொய் என்று சொல்லப் போகிறேன். ஏழெட்டு வருஷமாக நெஞ்சில் கிடக்கிற வாக்கியம் அது. அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் ஒரு பெண்ணின் குடிசை நின்றிருக்கும்.