சனியை ஆடவிட்டவருக்கு

இன்று காலை பக்கத்துக் கடையிலிருந்து தையல் மெசின் எண்ணெயின் மணம் வந்தது. ஒரு பிள்ளையின் சாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். மணம் மூக்கில் ஏறியதுமே எனக்குள் அந்தப் பழைய எரிச்சல் எழும்பிவிட்டது. வந்திட்டாவோ, இனி இண்டைக்கு என்னட்ட ஒருத்தரும் வரமாட்டினம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் போன மாரியோடு நீர் எங்களை விட்டுப் போய்விட்டீர் என்பது நினைவுக்கு வந்தது. அந்தக் கடையை இப்போது எடுத்திருப்பது பரந்தனிலிருந்து வருகிற ஒரு பெண். அவளுக்குத் தையல் மட்டும்தான் தெரியும். பொறாமை முந்திக்கொண்டு வர, துக்கம் பின்னால் வந்தது. கேட்டால் உமக்குச் சிரிப்பு வரும்.

நாங்கள் இரண்டு பேரும் கடைசி வரைக்கும் 'நீர்' தான். நீ என்று கூப்பிட நாங்கள் ஒன்றாகப் படித்தவர்கள் இல்லை. நீங்கள் என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் அடுத்தடுத்து இரண்டு சின்னக் கடைகள், நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் நான் சாதகம் பார்த்தேன், அந்தப் பக்கம் நீர் சட்டை தைத்தீர். அப்படி இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மழை நாட்களில் ஒரு கோப்பை பிளேன்ரீயை இரண்டாகப் பிரித்துக் குடித்திருக்கிறோம்.

பிரான்சில் இருக்கும் உமது தங்கை குறி சொல்லுகிற அந்தச் சீட்டுக் கட்டை அனுப்பினாள். "ஓ, டாரட் சீட்டோ" என்று எனக்கும் தெரியும் என்பதுபோலக் கேட்டேன். "கடைசி எழுத்தைச் சொல்லக்கூடாதாம், டாரோ" என்று திருத்தினீர். அந்த நிமிடமே எனக்கு அதைப் பிடிக்காமல் போய்விட்டது. சில நாட்களில், கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு வந்து, என் மேசை நிறையச் சீட்டுகளைப் பரப்பினீர்.

"இந்தச் சீட்டுகளுக்கும் கிரகங்களுக்கும் தொடர்பு இருக்குதாம். அவை சொல்லுறது எனக்கு அரைவாசி விளங்கேல்லை. நீர் கிரகங்களோட சீவிக்கிற ஆள். சேர்த்துத் தாரும்."

புகழ்ச்சிக்கு மயங்கிச் சேர்த்துத் தந்தேன். சூரியன் படம் கீறிய சீட்டில் சிக்கல் இல்லை. மேசையில் வித்தை காட்டுகிறவன் புதன், கதிர் விளைந்த வயலில் சாய்ந்திருக்கும் அரசி சுக்கிரன், சுழலும் சக்கரம் வியாழன், இடிவிழுந்து எரியும் கோபுரம் செவ்வாய். சந்திரனில்தான் முட்டிக்கொண்டோம். நிலவு கீறிய சீட்டு ஒன்று தனியாக இருக்க, இரண்டு தூண்களுக்கு நடுவில் இருக்கும் பெண்ணே சந்திரன் என்று கைபேசி சொன்னதாம்.

"நிலவு கண்முன்னால கிடக்கு. அதை விட்டிட்டு ஆரோ ஒரு பொம்பிளையைச் சந்திரன் எண்டினமோ?" என்றேன்.

"அவவின்ர காலடியைப் பாரும். பிறை கிடக்கு."

பார்த்தேன், கிடந்தது. உமது கண் என் கண்ணைவிடக் கூர்மை என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்ததை நான் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் எங்கள் ராகுவும் கேதுவும் மிஞ்சினார்கள். வெள்ளைக்காரரின் கணக்கில் இந்த இரண்டு பேருக்கும் இடமே இல்லை. ராகுவுக்குக் கொம்பு வைத்த பேயைக் கொடுத்தேன், நீரும் ஓம் என்றீர். கேதுவுக்கு நீர் எடுத்தது, தடியில் ஒரு சின்ன மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை விளிம்பில் நடக்கிறவனை.

"எல்லாத்தையும் விட்டிட்டுப் போறான். இவன்தான் கேது."

"இடம்பெயர்ந்து போறவன் இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு போவானோ?"

"மூட்டை சின்னன்தானே. சுமக்க ஒண்டும் இல்லாட்டிச் சிரிக்கலாம்."

சண்டை நாட்களில் நீரும் நானும் மூட்டைகளோடு நடந்தவர்கள்தான். அந்தப் பதில் எனக்கு வந்திருக்க வேண்டும். வராமல் போனதை நினைத்து இரண்டு நாள் உம்மோடு சரியாகக் கதைக்கவில்லை. ஏன் என்று நீர் கேட்கவுமில்லை.

ஆனால் என்னை உண்மையாக எரித்தது சனிதான். சனிக்கு வந்த சீட்டின் பெயர் உலகம். இலை மாலை ஒன்றின் நடுவில் ஒரு பெண் ஆடுகிறாள். சனீஸ்வரனுக்கு இப்படி ஒரு படமா என்று நான் அதைத் தள்ளி வைத்தேன். நீர் அதைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போனீர். பிறகு நடந்ததெல்லாம் பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்டது. என்னிடம் ஏழரைச் சனி என்று கேட்டு அழுதுகொண்டு எழும்புகிற பெண்கள், சட்டைக்கு அளவு கொடுக்கிற சாட்டில் உம்மிடம் வந்தார்கள்.

"சனி எண்டு சொன்னவாவோ? இதுதான் பிள்ளை சனி. வேலை வாங்கும். வாங்கி முடிச்சிட்டு மாலை போடும். பாரும், ஆடுறா."

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் எரிக்கச் சொல்லி நான் அனுப்பியவர்கள் அவர்கள். என் பக்கத்தில் ஒருத்தரும் ஒருநாளும் சிரித்ததில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதுபோல, என் கிரகங்களை எடுத்து நீர் ஊருக்கு வார்த்தீர். என் கடை வாசல் வாங்கில் காத்திருந்த கூட்டம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. உமக்குச் சீட்டக்கா என்று ஒரு பெயரும் வந்தது. எனக்கு அப்படி ஒரு பெயரை யாரும் வைக்கவில்லை.

"நீரும் கொஞ்சம் மெதுவாச் சொன்னால் என்ன?" என்று ஒருமுறை கேட்டீர்.

"மெதுவாச் சொன்னால் சனி மெதுவா வருமோ? கட்டத்தில இருக்கிறதைத்தான் நான் சொல்லுவன்."

அதுதான் என் பெருமை. முகத்தைப் பார்த்துப் பலனை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒன்றாகப் போனோமே, நினைவிருக்கிறதா? சனத்துக்குள் யாரோ ஒரு பெண் "சீட்டக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். தன் மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது என்று உமது இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்த மகளின் சாதகத்தைப் பொருத்தியது நான். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் உமது கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கண்ணகை அம்மனிடம் அன்று நான் என்ன கேட்டேன் என்று எழுதமாட்டேன்.

பிறகு நீர் மெலிந்தீர். கடை பூட்டிக் கிடக்கிற நாட்கள் கூடின. வாங்கு மறுபடியும் என் பக்கம் நிறைந்தது. எனக்கு அது இனிக்கவில்லை. ஒருநாள் நானே உமது பக்கம் வந்தேன்.

"பிறந்த நேரத்தைத் தாரும். ஒருக்காப் பாப்பம்."

"என்ர சாதகம் இடம்பெயர்ந்த ஓட்டத்துக்குள்ள துலைஞ்சு போச்சு. அம்மாவுக்கும் நேரம் ஞாபகமில்லை" என்றீர், ஊசியில் நூல் கோத்தபடி.

நம்பினேன். இங்கே பாதிப் பேருக்கு அப்படித்தானே துலைந்தது.

நீர் போன பிறகு, எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு அன்று உமது வீட்டுக்கு வந்தேன். முற்றம் நிறையப் பெண்கள், எல்லோரும் உமது வாடிக்கை. அதைப் பார்த்தும் எனக்குப் புகைந்தது, சொன்னால் என்ன. நான் போனால் இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிக்கொண்டு இருந்தேன். உமது கணவர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். சாதகம் துலைந்த கதையை நான்தான் எடுத்தேன்.

"ஆர் சொன்னது துலைஞ்சதெண்டு? அலுமாரிக்குள்ள பத்திரமா இருந்தது" என்றார். "ஆஸ்பத்திரியில டொக்டர் வருத்தம் இன்னதெண்டு சொன்ன பிறகு, அதைத் தூக்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனவா. அங்க ஒரு சாத்திரியார் பாத்தவர். எண்பது வயது வரைக்கும் பயமில்லை எண்டார். வாற வழி முழுக்கப் பஸ்ஸில சந்தோசமாக் கதைச்சுக்கொண்டு வந்தவா."

"பக்கத்துக் கடையில நான் இருந்தனான்" என்றேன்.

"அதைத்தான் நானும் கேட்டனான். உங்களைப் பற்றி, அவா பொய் சொல்லமாட்டா எண்டவா."

இதை யாரிடம் சொன்னாலும் எனக்குக் கிடைத்த பெரிய மதிப்பு என்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. அந்தச் சாத்திரியாரை நான் கண்டதில்லை. உமது லக்கினம் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பஸ்ஸில் நீர் சிரித்துக் கதைத்தது அவர் சொன்ன சொல்லுக்கு. வாங்கு நிறைந்த கூட்டத்தின்மேல் இருந்த பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. அந்த மனிதர்மேல் உள்ளது ஆறவில்லை, ஆற விடப்போவதுமில்லை, உம்முடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

ஒருதரம், ஒரே ஒருதரம், அந்தச் சாதகத்தை என் மேசையில் வைத்துக் கேட்டிருக்கலாம். கட்டத்தில் என்ன இருந்தாலும், எண்பது என்ன, தொண்ணூறு என்று சொல்லியிருப்பேன்.