அடுத்தவர் வீட்டுக்காகப் பேசுவது

இல்லை, வில்லியனூர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பாகூர் வாய்க்கால் கரையில், ஏழுமலை அண்ணன் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். பசை இன்னும் காயவில்லை. அந்த மைதா வாடையில்தான் உன் ஞாபகம் வந்தது. நம் சுவரொட்டிகளுக்கு நீதான் பசை காய்ச்சுவாய். நகக்கண்ணில் அது ஒட்டியிருக்க, அதே கையால் பஸ்ஸில் எனக்கு வேர்க்கடலை உரித்துத் தருவாய்.

இரண்டு கரைகள். வில்லியனூரில் நீ பிறந்த ஏரிக்கரை. பாகூரில் இந்த வாய்க்கால் கரை. இரண்டிலும் பட்டா இல்லாத வீடுகள். இரண்டையும் ஒரே சங்கமாக்கியவள் நீ. உன் விதி ஒன்றுதான்: வில்லியனூர் மனுவைப் பாகூர்க்காரர் படிக்க வேண்டும், பாகூர் மனுவை வில்லியனூர்க்காரர்.

முதல் தடவை ஏழுமலை அண்ணன் தாசில்தார் முன்னால் வில்லியனூர் மனுவைப் படித்தார். "எங்க ஏரிக்கரையில மழை வந்தா..."

எழுத்தர் நிறுத்தினார். "இன்னாய்யா, உன் ஊரு பாகூருதான? ஏரிக்கரைக்கு நீ ஏன் அழுவுற?"

பின்னாலிருந்து வில்லியனூர் செல்வி அக்கா: "அழுவட்டும் வுடு சார். என் வூட்டுக்காரன் ஒரு நாளும் எனக்காக இப்பிடி அழுததில்ல."

அலுவலகமே சிரித்தது. அண்ணன் தலை நிமிராமல் முழுவதையும் படித்து முடித்தார்.

திரும்பும்போது நீ சொன்னாய்: "அவங்கவங்க வூட்டுக்கு அவங்கவங்க பேசுனா, கெடைச்சதும் கெளம்பிடுவாங்கடி. அடுத்தவங்க வூட்டுக்குப் பேசிப் பாக்கட்டும். அப்பறம் வுட மனசு வராது."

புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, கூட்டம் நடத்த நான் மிஞ்சினேன். பாதிக்கப்பட்டவர்களே தங்களுக்காகப் பேச வேண்டும். பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் படித்தேன். இப்போதும் அது தவறென்று சொல்லத் தெரியவில்லை. அவரவர் மனுவை அவரவரே படிக்கட்டும் என்றேன். நன்றாகவே படித்தார்கள். விவரத்தோடு, அழுகையோடு, தனித்தனியாக.

ஏரிக்கரைக்குப் பட்டா வந்தது. வாய்க்கால் கரைக்கு நோட்டீஸ்.

அண்ணன் வீட்டு வாசலிலிருந்தே செல்வி அக்காவுக்கு போன் செய்தேன். "திங்கட்கிழமை எல்லாரும் வந்து நின்னா இடிக்கத் தயங்குவாங்கக்கா."

"தப்பா நெனைக்காத பாப்பா. பட்டா கைக்கு வந்து மூணு வாரம்தான் ஆவுது. அங்க வந்து நின்னு, இதையும் புடுங்கிட்டா? புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எங்க போவேன்?" பிறகு, மெல்ல: "அவ இருந்தா என்னைக் கேக்கவே மாட்டா. நேரா பஸ்ஸுல ஏத்திட்டிருப்பா."

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு விதி. இப்போது புரிகிறது. இனி அதை யாரிடம் சொல்வது?

"வர்றாங்களாம்மா?" என்று ஏழுமலை அண்ணன் கேட்டார்.

"இல்லண்ணா."

அவர் கூரையைப் பார்த்தார். "பொக்லைன் வந்தா தகரமெல்லாம் நசுங்கிப்பூடும். முன்னாடியே கழட்டிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி பாகூருக்குப் போனேன். அவர் மேலே ஏறினார். நான் கீழே நின்று தகரங்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன்.