ஷாநவாஸ் இக்காவின் திருத்தம்

ஜூன் 12, புதன்

காக்கநாடு முழுக்க மழை. குடை இருந்தும் நனைந்துதான் அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.

எல்லாரும் தனித்தனியாக எழுதிய நிரலைப் புதன்தோறும் ஒன்றாகச் சேர்ப்பது என் வேலை. ஒரே வரியை இருவர் மாற்றியிருந்தால் எது நிற்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக்காக நாங்கள் எழுதும் மென்பொருளில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நினைவூட்டல் இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியே போகிறது. துபாயில் வேலை பார்த்துவிட்டு இங்கே புதிதாகச் சேர்ந்த ஷாநவாஸ் இக்கா — எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி — போன வாரமே திருத்தியதாகச் சொன்னார். சேர்த்த பிரதியில் காணோம். "அனுப்பினேன்னுதான் நினைச்சேன் ஷைனி..."

மேலாளர் ஜோமோன் சார் எல்லார் முன்னாலும், "பிரியாணியோட மூளையையும் துபாய்லயே சாப்பிட்டு முடிச்சிட்டீங்களா இக்கா?" என்றார். நானும் சிரித்தேன்.

ஜூன் 19, புதன்

இக்காவின் திருத்தத்தை மூன்றாவது தடவையும் காணோம். எனக்கே எரிச்சல்.

ஜூன் 20

மதியச் சாப்பாட்டில் இக்கா மீன்குழம்பைத் தொடவே இல்லை. "வாப்பாவுக்கும் ஐம்பது வயசுல இப்படித்தான் மறதி ஆரம்பிச்சது. எனக்கு நாற்பத்தெட்டு. திங்கட்கிழமை தலையை ஸ்கேன் எடுக்கறேன். ஜோமோன்கிட்ட சொல்லிடாதே, வேலையை நிரந்தரம் பண்ண மாட்டார்."

மாதக் கடைசியில் அவருடைய சோதனைக் காலம் முடிகிறது. ஏன் சிரித்தேன் நான்?

ஜூன் 21

சேர்ப்பதை மறுபடி மெதுவாகச் செய்து பார்த்தேன். அந்த வரியில் மோதல் — ஒரே வரிக்கு இரண்டு வடிவம் — வந்தது. நான் கை வைக்கும் முன்பே அதுவாகத் தீர்ந்தது — பழைய வரி நின்றது, இக்காவின் வரி போயிற்று.

ஐயோ. நான்தான். நான் ஒருமுறை தீர்த்ததை நினைவில் வைத்து, அதே மோதல் வந்தால் தானே தீர்க்கும் வசதியைச் சேர்க்கும் கருவியில் ஏப்ரலில் போட்டு வைத்தேன். ஜூன் ஐந்தாம் தேதி, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் தப்பான வரியைத் தேர்ந்தேன். அன்றிலிருந்து அதையே செய்துகொண்டிருக்கிறது, சனியன்!

சத்தமில்லாமல் அந்த நினைவை அழித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அந்த மனுஷன் ஸ்கேனுக்குப் போகப்போகிறாரே?

எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப தப்பு உன்னுதா?" என்றார் ஜோமோன் சார். "என்னுதுதான் சார்."

இக்கா மெதுவாகக் கேட்டார். "அப்ப... நான் அனுப்பியிருக்கேனா?"

"மூணு தடவையும் அனுப்பியிருக்கீங்க இக்கா."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஜூன் 26, புதன்

அந்த ஒரு தீர்வை மட்டும் மறக்கச் சொல்லிவிட்டு, நானே பார்த்துச் சேர்த்தேன். நினைவூட்டல் சரியான நேரத்துக்குப் போகிறது. இக்கா ஸ்கேன் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம்.

ஜூலை 3, புதன்

இக்காவுக்கு நிரந்தரக் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது.

இன்று எல்லார் முன்னாலும் என் மேசைக்கு வந்து நின்றார். "ஷைனி, நாற்பதாவது வரியில நீ தப்பு பண்ணியிருக்கே."

"நிச்சயமா இக்கா?"

"நிச்சயமா. பாரேன்."

பார்த்தேன். தப்புதான்.