ராஜினிக்குத் தெரிந்த ஒரே இலக்கம்

15 மார்ச் 2004, பூவரசங்குளம்
கடை திறந்தால் போனில் சத்தமே இல்லை. பேச வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

16 மார்ச்
வவுனியாவில் போன் கம்பனி அலுவலகத்துக்குப் போனேன். “உங்கட நம்பருக்கு வெளிநாட்டிலயிருந்து கன கோல் வருது. சந்தேகமெண்டு கொம்பியூட்டர் தானா வெட்டிப்போட்டுது” என்றார் அங்கிருந்தவர்.
“ஆர் பாத்து முடிவெடுத்தது?”
“ஒருத்தரும் பாக்கேல்ல அக்கா. கொம்பியூட்டர்தான்.”
ஊருக்கெல்லாம் போன் எடுத்துக்கொடுக்கும் கடைக்கு வெளிநாட்டு அழைப்பு வராமல் வேறென்ன வரும்?

17 மார்ச்
சிவலட்சுமி அக்கா வந்தா. மகள் ராஜினி குவைத்தில் வீட்டுவேலைக்குப் போனவள். கடைசியாகப் பேசியபோது, பாஸ்போட்டைப் பறித்து வீட்டில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அழுதாள். விலாசம் சொல்வதற்குள் அழைப்பு நின்றுபோனது. அவளுக்கு மனப்பாடமான இலக்கம் எங்கள் கடையுடையது மட்டும்தான்.
“எம்புள்ள கூப்பிட்டிருக்குமா தங்கச்சி?”
யா அல்லாஹ் — அந்தப் பிள்ளை எடுத்து எடுத்துப் பாக்குதோ?

18 மார்ச்
“கம்பனியோட மல்லுக்கட்டாத. வேற நம்பர் எடுப்பம்” என்றார் என் வீட்டுக்காரர் சரீப். ராஜினிக்கு அதை யார் சொல்வது? கத்திவிட்டேன். பிறகு அவரே போய், போன் கம்பனிகளை மேற்பார்க்கும் அரச அலுவலகத்தின் இலக்கத்தை விசாரித்துக்கொண்டு வந்தார். தபால் கந்தோரிலிருந்து கொழும்புக்குப் பேசினேன். ஒரு சிங்கள அம்மா, தெரிந்த தமிழில் பொறுமையாகக் கேட்டா.

23 மார்ச்
மறுபடி பேசினேன். “ஆள் பாக்காம, காரணம் சொல்லாம லைன் வெட்ட ஏலாது. கம்பனிக்கு ஓடர் போட்டது” என்றா அந்த அம்மா. அழுகை வந்துவிட்டது.

25 மார்ச்
கம்பனியிலிருந்து ஒருவர் நேரில் வந்து கடையைப் பார்த்தார். தேத்தண்ணி குடித்தார். பின்னேரம் லைன் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

28 மார்ச்
ராஜினி கோல் எடுத்துவிட்டாள்! “ஹாலிதாக்கா, உங்கட நம்பர் இனி இல்லையெண்டு நினைச்சன்.”
“இருக்கு பிள்ளை. முதல்ல விலாசத்தச் சொல்லு.”
சொன்னாள். சரீப் உடனே குவைத்திலுள்ள இலங்கைத் தூதரகத்துக்கு அறிவித்தார்.

2 ஏப்ரல்
தூதரகத்தார் அவளை அந்த வீட்டிலிருந்து மீட்டுவிட்டார்கள். சிவலட்சுமி அக்கா என் கையை விடவேயில்லை.

20 ஏப்ரல்
ஊர் திரும்பிய ராஜினி தாயோடு கடைக்கு வந்தாள். நன்றாக மெலிந்திருக்கிறாள். கதைத்துக்கொண்டிருந்தவள் கதிரையிலேயே தூங்கிப்போனாள். அக்கா சீலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தா. போன் அடித்தது. பிள்ளை விழித்துவிடக்கூடாதென்று முதல் மணியிலேயே எடுத்தேன்.